லேசருக்கு வைத்த பொட்டு

செட்டியார்பட்டியில் எல்லோருக்கும் இருளப்பசாமி ஏட்டையாதான். போலீஸ் வேலையில் இருந்த முப்பத்து நான்கு வருடமும் எவன் என்ன சொன்னாலும் நம்பாத மனுஷன், ரிட்டயர்டு ஆன மறுநாளிலிருந்து எவன் எதை விற்க வந்தாலும் நம்பினார். மூட்டுவலியை உறிஞ்சும் காந்தப் படுக்கை, கரண்ட் பில்லைப் பாதியாக்கும் பச்சை விளக்குப் பெட்டி, கொசுவுக்கு மட்டும் கேட்கிற சத்தம் போடும் கருவி என்று வீட்டுக்குள் ஒரு பொருட்காட்சியே நடந்துகொண்டிருந்தது. கொசுக்கள் அந்தக் கருவியின் மேல் உட்கார்ந்துதான் இளைப்பாறின. அந்த வரிசையில் கடைசியாக வீட்டுக்கு வந்தது லேசர்.

லேசர் வந்ததே மகள் ஆனந்தவல்லியின் கல்யாணத்துக்காகத்தான்.

ஆனந்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவன் கௌதம்ராஜ். ஊரார் எலும்பையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இங்கே விரிசல், அங்கே தேய்மானம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற ஆள். இரண்டு வருடமாக இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. ஒரே சாதி, ஒரே மாதிரி குடும்பம். வேண்டாமென்று சொல்ல எவருக்கும் ஒரு முகாந்திரமும் கிடையாது, அது காதல் என்ற ஒன்றைத் தவிர. ஏட்டையா சர்வீஸில் இருந்தபோது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் எத்தனை ஜோடிகளைப் பிடித்து உட்காரவைத்து, பெற்றவர்களை வரவழைத்து, தானும் கண்கலங்கிப் புத்தி சொல்லி அனுப்பியிருப்பார். அவர் வீட்டில் போய் அந்த வார்த்தையை உச்சரிக்க முடியுமா?

ஆகவே இருவரும் கூடிப் பேசி, தங்கள் காதலுக்குப் பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணமாக வேஷம் கட்டினார்கள். கல்யாணப் புரோக்கர் ஆவுடையப்பன் மாதாமாதம் சர்க்கரை பார்க்க லேபுக்கு வருகிறவர். கௌதம்ராஜின் ஜாதகம் எப்படியோ அவருடைய மஞ்சள் பைக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமே அவர் செட்டியார்பட்டிக்கு வந்து, "ஏட்டையா, நானா அலைஞ்சு திரிஞ்சு கண்டுபிடிச்ச வரன். பத்துக்கு எட்டுப் பொருத்தம்" என்று காபியை உறிஞ்சினார். ஆனந்தவல்லி கதவுக்குப் பின்னால் நின்று, அறிமுகமே இல்லாத ஒரு மாப்பிள்ளைக்காக வெட்கப்பட்டாள். அவளுக்கு வயது இருபத்தேழு. இதுவரை எட்டு வீட்டார் வந்து மிக்சர் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஒரு கல்யாணம் நடந்துவிட்டால் போதும், சாமியிடம் வேறொன்றும் கேட்பதில்லை என்று இருந்தாள்.

முதல் முட்டுக்கட்டையைப் போட்டவள் மாப்பிள்ளையின் அம்மா வெங்கடேஸ்வரி. அவள் முன்பு கூமாப்பட்டியில் ஒரு பெண்ணின் ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்து மயங்கிப் போய், நேரில் போனபோது, அந்தப் போட்டோவில் இருந்த பிள்ளை எங்கே என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டு வந்தவள். சூடுபட்டவள் அல்லவா. "ஸ்டுடியோ போட்டோ வேண்டாம். வீட்ல வச்சுப் போன்ல எடுத்தது போதும். அதுலதான் உள்ளது உள்ளபடி தெரியும்" என்று ஆவுடையப்பனிடம் சொல்லியனுப்பினாள்.

ஏட்டையாவிடம் இருந்த போன் கீழே விழுந்து விழுந்து பழுத்துப்போன போன். அன்றைக்கே தென்காசி ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனார். அங்கே ஜாஸ்மின் என்ற பெண் அவருக்கு வரிசையாகப் போன்களை எடுத்து வைத்தாள். ஒரு போனைத் திருப்பி, மூன்று லென்ஸுக்குப் பக்கத்தில் கடுகளவு இருந்த ஒரு கறுப்பு ஓட்டையைக் காட்டினாள்.

"இதுதான் சார் லேசர் ஆட்டோஃபோகஸ். இதுலேருந்து கண்ணுக்குத் தெரியாத லேசர் போயி ஆளு மேல பட்டுத் திரும்பி வரும். வார நேரத்தை வச்சு ஆளு எம்புட்டு தூரத்துல நிக்காங்கன்னு போனே கண்டுபிடிச்சு, லென்ஸை அதுக்கேத்த மாதிரி வச்சுக்கிடும். மங்கின வெளிச்சத்துலயும் முகம் பளிச்சுன்னு விழும்."

"நிக்கிற ஆளுக்குத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது சார்."

"மஃப்டியில போற மாதிரி போயி, ஆளைத் தொட்டுட்டுத் திரும்பி வந்து தகவல் குடுக்கும். அப்படித்தானே?"

"ஆமா சார்" என்றாள் ஜாஸ்மின். மாதக் கடைசி, அவளுக்கு இன்னும் ஒரு போன் விற்றாக வேண்டும்.

ஏட்டையாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மஃப்டி போலீஸ் ஒருவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் அந்த மஃப்டிக்காரர் மூன்று பெரிய கண்களில் இருக்கிறாரா, பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டையில் இருக்கிறாரா என்பதை அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதே மறந்துவிட்டார். லேசர் என்றால் பெரிதாகத்தானே இருக்கும்.

அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும், பைக்கோ மிக்சியோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். காந்தப் படுக்கைக்கே நாலு மூலையிலும் பொட்டு உண்டு. நல்ல காரியத்துக்காக வந்த போனை மட்டும் மொட்டையாக விட முடியுமா? ஏட்டையாவும் மனைவி செல்லத்தாயும் போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஆலோசித்தார்கள். முன்பக்கம் வைத்தால் விரல் பட்டு அழிந்துவிடும். பின்பக்கம் இருப்பவை கண்கள். கண்ணில் குங்குமம் போடலாமா? பக்கத்திலேயே கடுகளவில் ஒரு ஓட்டை, எதற்கும் உதவாமல் சும்மா கிடந்தது.

"இங்கன வைப்போம். நெத்தி மாதிரி இருக்கு" என்றாள் செல்லத்தாய்.

ஏட்டையா மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, லென்ஸ் மேல் துளிகூடப் படாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, லேசரின் வாயை அடைத்தார். அதன் மேல் குங்குமம் வைத்தார். சந்தனம் காய்ந்து காரை பூசிய மாதிரி இறுகிக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனந்தவல்லி பச்சைப் பட்டுச் சேலை கட்டி முன்னறைச் சுவரோரம் நின்றாள். ஏட்டையா பதினோரு போட்டோ எடுத்தார். லேசர் பாவம், கடமை தவறாமல் கிளம்பியது. கிளம்பிய இடத்திலேயே சந்தனத்தில் முட்டித் திரும்பி, பெண் அரை விரற்கடை தூரத்தில் நிற்கிறாள் என்று தகவல் கொடுத்தது. போனும் அதை நம்பி அரை விரற்கடைக்கு லென்ஸைத் திருப்பிக்கொண்டது. பதினோரு படத்திலும் ஆனந்தவல்லி, கொதிக்கிற ரசத்தின் ஆவிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண் எது, மூக்கு எது என்று பெற்றவள்தான் சொல்ல வேண்டும்.

ஏட்டையாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று நினைப்பார்கள் என்று போடுவதில்லை. அவருக்கு எல்லாப் போட்டோவும் எப்போதும் இப்படித்தான் தெரியும். "எம்புட்டு லட்சணமா விழுந்திருக்கா பாரு" என்று சொல்லி, பதினொன்றையும் ஆவுடையப்பனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மகளிடம் போனைக் கொடுத்தார்.

ஆனந்தவல்லி போனைத் திருப்பினாள். ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. லேபில் ஒளியை வைத்து ரத்தத்தை அளக்கிற மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. குப்பியில் ஒரு விரல் ரேகை பட்டாலே அளவு தப்பிப்போகும் என்பது அவளுக்குப் பாலபாடம்.

"அப்பா, இந்தப் பொட்டைத் தொடைச்சாச் சரியாயிரும்."

சமையலறையில் கரண்டி விழுந்தது. செல்லத்தாய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, கல்யாணப் பேச்சு நடக்கையில பொட்டை அழிக்கணுங்கியே. வாயைக் கழுவுட்டி."

"அம்மா, போனுக்குத்தான்..."

"போனுக்குன்னா மட்டும்? யாரு வாங்கினது, எதுக்கு வாங்கினது?"

ஏட்டையா குரலே உயர்த்தவில்லை. "தாயி, லேசர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இது நெத்தி. கண்ணு தெரியணும்னா நெத்தியையா தொடைப்பாக?" என்றார். இதற்குமேல் எந்த வக்கீலும் பேச முடியாது.

ஆனந்தவல்லி தன் போனில் எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பலாம் என்றாள். அதில் லேசர் கிடையாது, தரக்குறைவு என்று தள்ளுபடி ஆனது. அப்பா குளிக்கப் போன நேரத்தில் ஒருநாள் ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தும் பார்த்தாள். அவர் தலைகூடத் துவட்டாமல் வந்து பார்த்து, வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகி, செல்லத்தாய் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, பொட்டு முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு குளிக்கும்போதும் போன் பாத்ரூம் ஜன்னலில்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெங்கடேஸ்வரி பதினோரு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், போனைத் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். "பிள்ளைக்கு மாறுகண்ணு போலுக்கு. இல்ல முகத்துல தேமலு கீமலு இருக்கும். அதான் கலைச்சு அனுப்புறாக" என்றாள். ஆவுடையப்பன் இந்தச் செய்தியை ஒரு எழுத்துக் குறையாமல் செட்டியார்பட்டிக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

ஏட்டையா கொதித்துப்போனார். "அவிய போன் தாங்கலவே. நம்ம லேசர் தெளிவு அதுல எப்படி ஏறும்?" என்றார். சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக மேலும் பதினாறு போட்டோ அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் படம் கலங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்; அவரோடு பேச்சு நின்றது. மைத்துனரும் அதையே சொன்னார், அவர் வீட்டுக் காதுகுத்துக்கு ஏட்டையா போகவில்லை. ஷோரூமுக்கே போய், இந்த ஊரில் லேசரின் அருமை தெரிந்தது நாம் இரண்டு பேர்தான் என்று ஜாஸ்மினிடம் சொல்லி வருத்தப்பட்டுவிட்டு வந்தார். பொட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்ல வாயெடுத்ததாகவும், அவர் இடங்கொடுக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

இருபத்தேழு போட்டோவுக்குப் பிறகு வெங்கடேஸ்வரிக்கு மாறுகண் உறுதியாகிவிட்டது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஆனந்தவல்லி மாடிப்படித் திருப்பத்தில் கௌதம்ராஜைப் பிடித்தாள்.

"உங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போகும்."

"என்னன்னு சொல்ல? உன்னைத் தெரியும்னு சொன்னா எல்லாம் வெளிய வந்துரும்ல."

"லவ்வுன்னா சொல்லச் சொல்லுதேன்? மாடியில வேலை பாக்கிற பிள்ளை, போகவரப் பாத்திருக்கேன், கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

"அம்மா நோண்டி நோண்டிக் கேப்பாங்க ஆனந்தி."

"கேட்டா என்ன? போகவரப் பாத்தேன்னு சொல்லுதது பொய்யா?"

அவன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினான். "பாக்கிறேன். செத்தப் பொறு" என்றான்.

அவள் பொறுத்தாள். ஒரு வாரம் பொறுத்தாள். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போகும்போது இன்றைக்குச் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். படியில் பார்க்கும்போது அவன் சிரிப்பான். சிரிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலை, லேபில் டோக்கன் நம்பர் ஏழு என்று கூப்பிட்டபோது வெங்கடேஸ்வரி எழுந்து வந்தாள். பின்னாலேயே, ஆட்டை அறுக்கக் கூட்டி வந்த மாதிரி, கௌதம்ராஜ். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டுமாம். வெங்கடேஸ்வரிக்குச் சர்க்கரை கிடையாது. கையில் பால்கோவா டப்பாவே வைத்திருந்தாள். போட்டோவை நம்பி மோசம் போக மாட்டேன், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று, பெண் வேலை பார்க்கிற இடத்தை ஆவுடையப்பனிடம் கேட்டுக்கொண்டு புறப்பட்டு வந்திருந்தாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள வந்தாள்.

"மாஸ்க்கைச் செத்த இறக்கு தாயி, மூச்சு முட்டும்" என்றாள் வெங்கடேஸ்வரி.

ஆனந்தவல்லி மாஸ்க்கை இறக்கினாள். வெங்கடேஸ்வரி ஒரு விரலைத் தூக்கி இடப்பக்கம் காட்டினாள். "அந்த காலண்டர்ல இன்னைக்கு என்ன திதி?" ஆனந்தவல்லி இடப்பக்கம் பார்த்துச் சொன்னாள். "அந்தப் பக்கம் மணி என்னாச்சு?" வலப்பக்கம் பார்த்துச் சொன்னாள். கருவிழி இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. பிறகு கன்னத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்து, விரலில் பவுடர் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஆனந்தவல்லி மாட்டுத்தாவணியில் நிற்கிற கிடாரி மாதிரி எல்லாவற்றுக்கும் நின்று கொடுத்தாள். அவமானமாகத்தான் இருந்தது. கௌதம்ராஜுக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

கையில் ரப்பர் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றினாள். ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தபோது வெங்கடேஸ்வரி மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, நீ இந்தக் கட்டடத்துலதானே வேலை பாக்க. இந்தப் பிள்ளையைப் பாத்ததில்லையா? பத்து நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டுக் கெடக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சாமியே தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிற சந்தர்ப்பம் அது. ஆமாம்மா, பார்த்திருக்கிறேன் என்றால் போதும். கேட்கிறவளே வழியையும் காட்டிவிட்டாள். ஆனந்தவல்லி ஊசியைப் பிடித்தபடி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

கௌதம்ராஜ் அம்மாவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

"இல்லம்மா. நான் கவனிச்சதில்ல" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கும் அந்தப் போட்டோவைப் பாத்ததும் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

ஆனந்தவல்லி ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, "மடக்கிப் பிடிச்சுக்கோங்க அத்தை, ரெண்டு நிமிசம்" என்றாள். குழாயில் பெயர் எழுதினாள். எழுத்துக்கூட கோணவில்லை.

வெங்கடேஸ்வரிக்குப் பரம திருப்தி. "தங்கமான பிள்ளை. கையும் நோகாத கை" என்று சொல்லி, பால்கோவா டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். படியிறங்கும்போது கௌதம்ராஜ் அம்மாவுக்குத் தெரியாமல் திரும்பி, ஜெயித்துவிட்டோம் என்பதுபோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஆனந்தவல்லி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டோக்கன் எட்டைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவதற்குள் ஆவுடையப்பன் போன் செய்து முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். செல்லத்தாய் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். ஏட்டையா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"கடைசியில அவிய வீட்லயும் யாரோ நல்ல போன் வாங்கியிருக்காக. நம்ம போட்டோ அதுல தெளிவா விழுந்திருக்கு. அதான் உடனே சரின்னுட்டாக."

"அப்பா, இந்த இடம் வேண்டாம்" என்றாள் ஆனந்தவல்லி.

செல்லத்தாயின் கரண்டி நின்றது. "ஏட்டி, என்ன சொல்லுத?"

"வேண்டாம்மா. என் மூஞ்சியைச் சந்தேகப்பட்ட வீட்டுக்கு நான் வாழப் போக மாட்டேன்."

"அதான் இப்ப சரின்னுட்டாகல்ல?"

"விரலை நீட்டிச் சோதிச்சுப் பாத்துட்டுச் சரின்னிருக்காக. நான் போக மாட்டேன்."

ஏட்டையா வாசலிலிருந்து உள்ளே வந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார். எட்டு இடம் தட்டிப்போய் ஒன்பதாவது கூடி வந்த நேரத்தில் எந்த அப்பனுக்கும் கோபம்தான் வர வேண்டும். அவருக்கோ கண் நிறைந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"இருபத்தேழு போட்டோ அனுப்பினோம். இருபத்தேழையும் சந்தேகப்பட்டாக. நான் வாயைத் தொறக்கல, ஆனா மனசுக்குள்ள இருந்துச்சு. நீ சொல்லிட்ட தாயி. நம்ம லேசரை நம்பாத வீட்டுக்கு என் மகளை அனுப்ப மாட்டேன்" என்றார்.

வாயைத் திறக்காத அந்த மனுஷன் உடனே ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். புரோக்கர் கெஞ்சியது வெளியே கேட்டது. "ஏட்டையா, மூளை கீளை பிசகிருச்சா? ஒரு போனுக்காகவா சம்பந்தத்தை முறிப்பிய?" என்றார். "போனுக்காகத்தான்வே. என் பொருளை ஒருத்தன் குறை சொல்லுறதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது" என்றார் ஏட்டையா.

ஆனந்தவல்லி பின்கட்டுக்கு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. கௌதம்ராஜ்.

"என்ன ஆனந்தி, புரோக்கர் என்னமோ சொல்லுறாரு? அம்மாவுக்குத்தான் உன்னை ரொம்பப் புடிச்சுப் போச்சே. இனி என்ன பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்ல."

"பொறவு? உங்கப்பா போனுக்காக வேண்டாம்னு சொல்லுறாராமே. அவருக்குத்தான் கிறுக்குன்னா, நீ எடுத்துச் சொல்ல மாட்டியா?"

வீட்டுக்குள் ஏட்டையாவின் குரல் இன்னும் ஓயவில்லை. ஆவுடையப்பன் முடிந்து, சமாதானம் பேச வந்த பெரியப்பாவிடம் சண்டை தொடங்கியிருந்தது.

"எங்கப்பா கிறுக்குதான். அவரு சொன்னது அம்புட்டும் தப்பு. ஆனா வாங்கி ஒரு மாசம் ஆகாத போனுக்காக பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, புரோக்கர்கிட்ட, சொந்தக்காரக எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்காரு. நீங்க ரெண்டு வருசம் பழகின எனக்காக உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

பிறகு, அடுப்பில் கேசரி தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.